ஸ்கேனர் வந்த பின் யார் என்ன வேலை பார்ப்பது?
டிஜிட்டல் பேத்தாலஜி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நோயாளியின் திசு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடை நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பதற்குப் பதிலாக, முழு ஸ்லைடையும் ஸ்கேன் செய்து திரையில் பார்த்து அறிக்கை எழுதும் டிஜிட்டல் பேத்தாலஜி முறைக்கு ஆய்வகங்கள் ஒவ்வொன்றாக மாறி வருகின்றன. இதைப் பற்றிக் கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்று கேட்டவற்றை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, ஆட்கள், வேலைப் பங்கீடு, பயிற்சி ஆகியவற்றைப் பற்றிக் கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: 15 ஆண்டுகளாக ஹிஸ்டோபேத்தாலஜி (திசுவை நுண்ணோக்கியில் ஆராய்ந்து நோயறியும் பிரிவு) டெக்னீஷியனாக இருக்கிறேன். எங்கள் ஆய்வகத்துக்கு ஸ்லைடு ஸ்கேனர் வரப்போகிறது. இரண்டு பேரைக் குறைத்துவிடலாம் என்று நிர்வாகத்தில் பேச்சு அடிபடுகிறது. எங்கள் வேலைக்கு ஆபத்தா?

பதில்: இல்லை. அந்தக் கணக்கைப் போட்டவர்கள் உங்கள் வேலை மேசையைப் பார்க்காமல் போட்டிருக்கிறார்கள். ஃபார்மலினில் திசுவைப் பதப்படுத்துவது, கிராஸிங் (வந்த திசுவைப் பார்த்துக் குறித்துத் துண்டுகளாக எடுப்பது), பிராசஸிங் (நீரை நீக்கி மெழுகேற்றுவது), மெழுகில் பதிப்பது, மைக்ரோடோம் கருவியில் மெல்லியதாக வெட்டுவது, சாயமேற்றுவது, கவர்ஸ்லிப் (திசுவை மூடும் மெல்லிய கண்ணாடி) போடுவது என்று இதுவரை நீங்கள் செய்த எதையும் ஸ்கேனர் செய்யாது. இவை எல்லாம் முடிந்த பிறகுதான் அதன் வேலையே தொடங்குகிறது. அதாவது, இருக்கிற வேலைகளுக்குப் பின்னால் இன்னொரு வேலை சேருகிறது.

குறைவது எது என்றால், ஸ்லைடுகளைத் தட்டில் அடுக்கி மருத்துவர் அறைக்குக் கொண்டுபோவது, பழைய ஸ்லைடைத் தேடி எடுப்பது, இரண்டாவது கருத்துக்காகப் பொதிந்து அனுப்புவது, போனது திரும்பி வந்ததா என்று துரத்துவது. கூடுவது எது என்றால், ஸ்லைடைத் துடைத்து ரேக்கில் ஏற்றுவது, படத்தைச் சரிபார்ப்பது, சரியில்லாததை மறுபடி ஸ்கேன் செய்வது, பார்கோடு பொருந்தாத கேஸ்களைத் தீர்ப்பது. மாறுகிற முதல் சில மாதங்களில் மருத்துவருக்குக் கண்ணாடி ஸ்லைடையும் கொடுக்க வேண்டும், படத்தையும் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஆள் கூடுதலாகத்தான் தேவைப்படும். நிர்வாகத்திடம் பேசும்போது இந்த இரண்டு பட்டியலையும் உங்கள் ஆய்வக எண்ணிக்கையோடு எழுதிக் கொடுங்கள். எத்தனை ஸ்லைடு, ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி என்று காட்டினால் பேச்சு தானாகத் திசை மாறும். எப்படிக் கணக்கிடுவது என்பது கீழே மூன்றாவது பதிலில் இருக்கிறது.

கேள்வி: ஸ்கேனர் வந்து சில வாரங்கள் ஆகின்றன. நிறைய படங்கள் அங்கங்கே மங்கலாக வருகின்றன. சில ஸ்லைடுகளில் திசுவின் ஒரு துண்டே காணவில்லை. மெஷின் கொடுத்தவர்கள் “உங்கள் ஸ்லைடு சரியில்லை” என்கிறார்கள். “இத்தனை வருஷம் இதே ஸ்லைடைத்தானே பார்த்தார்கள்?” என்று எங்கள் ஆட்கள் கேட்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. இத்தனை வருஷம் அதே ஸ்லைடுகளைப் பார்த்தது நிஜம். ஆனால் பார்த்தவர் கை, நுண்ணோக்கியின் ஃபைன் ஃபோகஸ் திருகிலேயே இருந்தது. திசு மடிந்த இடத்தில் கொஞ்சம் திருகி, அடுத்த இடத்தில் திருப்பிக் கொண்டுவந்து, தன்னையறியாமலே உங்கள் குறைகளை அவர் சரிசெய்துகொண்டார். ஸ்கேனர் அப்படிச் செய்வதில்லை.

அது வேலை செய்யும் வரிசை இது. முதலில் முழு ஸ்லைடையும் சிறிய அளவில் ஒரு படம் எடுக்கும். அதில் நிறம் உள்ள இடத்தைத் திசு என்று முடிவு செய்யும். அந்தப் பரப்பில் சில புள்ளிகளைத் தேர்ந்து ஒவ்வொன்றிலும் ஃபோகஸ் உயரத்தை அளக்கும். பிறகு பட்டை பட்டையாகவோ கட்டம் கட்டமாகவோ படமெடுத்து ஒட்டும். பல ஸ்கேனர்களில் இருக்கும் 20 எக்ஸ் ஆப்ஜெக்டிவின் (20 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ்) துளை எண், அதாவது ஒளியைத் திரட்டும் திறனின் அளவு, 0.75. அதற்குத் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர்தான். நீங்கள் வெட்டிய திசுச் சீவலான செக்‌ஷனோ 3 முதல் 4 மைக்ரோமீட்டர் கனம். ஒரு ஃபோகஸ் புள்ளி மடிப்பின் மேலோ காற்றுக் குமிழியின் மேலோ விழுந்தால், அதைச் சுற்றியுள்ள நல்ல திசு மங்கிப்போகும்.

ஆகவே குறையை ஸ்கேனர் அறையில் தேடுவதை விட, அது பிறந்த இடத்தில் தேடுவதே பலன் தரும்.

மெழுகில் பதிக்கும்போது துண்டுகள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் சில துண்டு முழுதாக வெட்டுப்படும், சில பாதியாக வெட்டுப்படும். துண்டுகளை எட்ட எட்ட வைத்தால் ஸ்கேன் செய்யும் பரப்பு கூடி, நேரமும் கோப்பின் அளவும் ஏறும். சிறு பயாப்ஸித் துண்டுகளைப் பக்கம் பக்கமாக, தட்டையாக வைக்கப் பழக வேண்டும்.

வெட்டும் மேசையில் மடிப்பு முக்கியமான எதிரி. வெட்டிய திசுவை மிதக்கவிடும் வெந்நீர்த் தொட்டியான வாட்டர் பாத்தின் சூடு மெழுகின் உருகுநிலையை விட 5 முதல் 10 டிகிரி செல்சியஸ் குறைவாக இருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் சுருக்கம் விரியாது, சூடு கூடினால் திசு பிய்ந்து பரவும். பிளேடு மழுங்கினாலோ, பிளேடைப் பிடிக்கும் திருகு தளர்ந்தாலோ கனமும் மெலிவுமாக வரி வரியாக வரும். நுண்ணோக்கியில் இது கண்ணுக்கு உறுத்தல் மட்டுமே. ஸ்கேனில் வரிவரியாக மங்கல். திசு ஸ்லைடின் விளிம்பில் ஏறியிருந்தால் அந்தப் பகுதி ஸ்கேன் எல்லைக்கு வெளியே போய்விடும். லேபிளுக்கும் எதிர் விளிம்புக்கும் நடுவில் திசுவை எடுப்பது என்பதை எல்லோருக்கும் ஒரே வழக்கமாக ஆக்குங்கள்.

திசுத் துண்டு காணாமல் போவதற்குப் பெரும்பாலும் சாயம்தான் காரணம். கொழுப்புத் திசு, ஈயோசின் (இளஞ்சிவப்புச் சாயம்) வெளிறிய ஸ்லைடு, இம்யூனோ சாயத்தில் (குறிப்பிட்ட புரதத்தை மட்டும் நிறமேற்றிக் காட்டும் முறை) எதுவும் பிடிக்காமல் ஹீமடாக்ஸிலினும் (கருவை நீலமாக்கும் சாயம்) மெலிதாக இருக்கும் ஸ்லைடு: இவற்றில் நிறம் போதாமல், அங்கே திசு இருப்பதே ஸ்கேனருக்குத் தெரிவதில்லை. இத்தகைய ஸ்லைடுகளுக்குத் திசு கண்டறியும் அளவுகோலைத் தாழ்த்திய தனி அமைப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அல்லது பரப்பைக் கையால் குறித்து ஸ்கேன் செய்யுங்கள்.

கவர்ஸ்லிப் மேசையிலும் பிரச்சினைகள் பிறக்கும். ஆப்ஜெக்டிவ்கள் 0.17 மில்லிமீட்டர் கனமுள்ள கவர்ஸ்லிப்பை மனதில் வைத்துச் செய்யப்படுபவை. இரண்டு கவர்ஸ்லிப் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் போய்விட்டாலோ, டி.பி.எக்ஸ். (கவர்ஸ்லிப்பை ஒட்டும் பசை) அதிகமாகி கவர்ஸ்லிப் உயர்ந்து நின்றாலோ, ஸ்லைடு முழுவதுமே மந்தமாகத் தெரியும். எத்தனை தடவை மறுபடி ஸ்கேன் செய்தாலும் சரியாகாது. கவர்ஸ்லிப்பைக் கழற்றி மறுபடி போடுவதுதான் வழி. கவர்ஸ்லிப் பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்தால் ரேக்கிலோ பிடியிலோ மாட்டி உடையும். டி.பி.எக்ஸ். மேலே காய்ந்தது போலத் தோன்றினாலும் விளிம்பில் ஈரமாக இருக்கும். அந்த ஸ்லைடு ரேக்கில் ஒட்டி, மொத்த வரிசையையும் நிறுத்திவிடும். அவசர கேஸ் என்று ஈரத்தோடு ஏற்றி, அதனால் எல்லா கேஸும் தாமதமாவது வழக்கமாக நடக்கிற தவறு.

லேபிள் ஓரம் தூக்கியிருப்பது, சைலீன் என்ற கரைப்பான் பட்டு பார்கோடு கரைவது, பழைய பேனாக் குறிகள் திசுவாக எண்ணப்படுவது, விரல் ரேகை ஆகியவை எளிதில் தவிர்க்கக்கூடியவை. ஏற்றுவதற்கு முன் பஞ்சு உதிராத துணியில் ஆல்கஹால் தொட்டு இரு பக்கமும் துடைத்தால் இவற்றில் பாதி தீரும். காய்ந்த டி.பி.எக்ஸ். பிசிறுக்கு மட்டும் சைலீன்.

இனி, தவறு ஸ்லைடிலா மெஷினிலா என்று பிரித்தறியும் முறை. மங்கலாக வந்த ஸ்லைடைத் துடைத்து மூன்று தடவை ஸ்கேன் செய்யுங்கள். மங்கல் ஒவ்வொரு தடவையும் திசுவின் அதே இடத்தில் வந்தால் ஸ்லைடில் குறை. இடம் மாறி மாறி வந்தால் மெஷினில் குறை. வேறு வேறு ஸ்லைடுகளிலும் பட்டையின் ஒரே நிலையில் கோடோ புள்ளியோ வந்தால், லென்ஸில் தூசி அல்லது அளவீட்டுச் சீரமைப்புக் கோளாறு. இந்தச் சோதனையின் படங்களோடு சேவைப் பிரிவை அழைத்தால் “உங்கள் ஸ்லைடு சரியில்லை” என்று சொல்லித் தப்ப முடியாது.

ஒரு பதிவேடும் வையுங்கள். ஸ்லைடு எண், என்ன குறை, எந்த மேசையில் பிறந்தது, என்ன செய்தோம் என்ற நான்கு நெடுவரிசை போதும். யார் வெட்டியது என்ற ஐந்தாவது நெடுவரிசை வேண்டாம். பெயர் எழுதத் தொடங்கிய நாளிலிருந்து யாரும் குறையைப் பதிய மாட்டார்கள்.

கேள்வி: ஸ்கேனருக்கென்று தனி ஆள் வேண்டுமா, இருப்பவர்களே மாறி மாறிப் பார்க்கலாமா? புதிதாகச் சேர்ந்த பையனை உட்காரவைக்கலாம் என்கிறார் எங்கள் மேற்பார்வையாளர்.

பதில்: புதிதாகச் சேர்ந்தவரைத் தனியாக உட்காரவைக்காதீர்கள். பொத்தானை அழுத்த யாராலும் முடியும். ஆனால் திரையில் தெரியும் வெளிர் வட்டம் குமிழியா, கொழுப்பா, ஃபோகஸ் தவறியதா என்று சொல்ல, வெட்டியும் சாயமேற்றியும் பழகிய கண் வேண்டும். மூன்று நான்கு பேருக்கு முழுப் பயிற்சி கொடுத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். ஆனால் பட்டியலில் பெயர் குறித்து, பட தரத்துக்கு ஒருவரைப் பொறுப்பாளராக வையுங்கள். எல்லோருடைய வேலையாகவும் விட்டால் கடைசியில் யாருடைய வேலையாகவும் இருக்காது.

கணக்கு இப்படி. நாளுக்கு 400 ஸ்லைடு, ஒன்றுக்கு 90 விநாடி என்று வைத்துக்கொண்டால் 36,000 விநாடி, அதாவது 10 மணி நேரம். 5 சதவீதம் மறுபடி ஸ்கேன் என்றால் 20 ஸ்லைடு, இன்னும் அரை மணி. ஆகவே ஒரு ஸ்கேனரை வைத்துக்கொண்டு பகல் ஷிஃப்டுக்குள் முடிக்க இயலாது. மாலையில் ரேக்கை நிரப்பிவிட்டுப் போய், இரவில் ஓட வைக்க வேண்டும். படம் சரிபார்க்க ஸ்லைடுக்கு 20 விநாடி என்றால் 8,000 விநாடி, சுமார் 2 மணி 15 நிமிடம். துடைத்து ஏற்றி இறக்குவதற்கும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஒதுக்குங்கள். மொத்தத்தில் அரை ஆளுக்கு மேல், ஒரு ஆளுக்குச் சற்றுக் குறைவு. மருத்துவர் பதிவுகளைத் தேடுவது, பார்கோடு சிக்கல் எல்லாம் சேர்ந்தால் ஒரு முழு ஆள். உங்கள் மெஷினின் நிஜ நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, இதில் போட்டுப் பாருங்கள். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் நேரம் 15-க்கு 15 மில்லிமீட்டர் பரப்புக்கானது. பெரிய அறுவை சிகிச்சைத் துண்டுகளுக்கு அது பொருந்தாது.

பலர் கவனிக்காத இன்னொன்று: மற்றவர்களின் கால அட்டவணையும் மாறும். மாலை 4 மணிக்கு மொத்தச் சாயமேற்றலும் முடிந்து ஒரே குவியலாக வந்தால் ஸ்கேனர் பகலெல்லாம் சும்மா கிடக்கும், இரவெல்லாம் திணறும். சிறு சிறு தொகுதிகளாக நாள் முழுக்க வரும்படி வெட்டும் நேரத்தையும் சாயமேற்றும் நேரத்தையும் மாற்றி அமைக்க வேண்டும். காலையில் முதல் ரேக் பயாப்ஸிகளுக்கு. ரேக் நிறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: படத்தைச் “சரிபார்ப்பது” என்றால் ஒவ்வொரு படத்தையும் முழுதாகப் பார்ப்பதா? எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: முழுதாகப் பார்ப்பது மருத்துவர் வேலை. சரிபார்ப்பவர் இந்த வரிசையில் பார்த்தால் போதும். முதலில் லேபிள் படத்தில் உள்ள எண்ணும் கேஸ் எண்ணும் ஒன்றா. அடுத்து, முழு ஸ்லைடின் சிறிய படத்தையும் ஸ்கேன் ஆன பரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எல்லாத் திசுவும் எல்லைக்குள் வந்திருக்கிறதா. கிராஸிங் குறிப்பில் 6 துண்டு என்றிருந்தால் திரையிலும் 6 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியை எடுத்து எண்ணுங்கள். அங்கேயும் குறைந்தால் திசு பதித்த மெழுகுக் கட்டியான பிளாக்கைப் பாருங்கள். பிறகு, ஐந்து இடங்களில், நான்கு ஓரமும் நடுவும், முழு உருப்பெருக்கத்தில் ஃபோகஸ் பார்க்கவும். கரு விளிம்பு கூர்மையாக இருக்கிறதா என்பதுதான் அளவுகோல். ஒட்டிய பட்டைகள் இடறுகின்றனவா என்று ஒரு பார்வை. இம்யூனோ ஸ்லைடாக இருந்தால் சாயம் சரியாகப் பிடித்ததா என்று காட்டும் கட்டுப்பாட்டுத் திசுவும் ஸ்கேன் ஆகியிருக்க வேண்டும். அது பெரும்பாலும் விளிம்பில் இருப்பதால் விட்டுப்போவது சகஜம்.

தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் இந்த வேலையில் யாரையும் உட்காரவைக்காதீர்கள். அதற்கு மேல் கண் பழகிப்போய் மங்கலும் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: ஸ்கேனர் நிறுவனத்தார் இரண்டு நாள் பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் கொடுத்துவிட்டார்கள். அது போதாதா?

பதில்: மெஷினை இயக்க அது போதும். உங்கள் ஆய்வகத்துக்குப் போதாது, ஏனென்றால் அவர்கள் பயிற்சிக்குக் கொண்டுவருவது நல்ல ஸ்லைடுகள்.

டெக்னீஷியன் பயிற்சியில் முதல் பாகம், வியப்பாகத் தோன்றினாலும், மறுபடி மைக்ரோடோம்தான். ஒரே பிளாக்கில் வேண்டுமென்றே மடிப்பு, தடிப்பு, குமிழி, வெளிறிய சாயம், விளிம்பில் திசு என்று ஸ்லைடுகள் செய்து, அவற்றை அவர்களே ஸ்கேன் செய்து திரையில் பார்க்க வேண்டும். மேசையில் செய்த ஒன்று திரையில் என்னவாகத் தெரிகிறது என்று ஒருமுறை கண்ணால் கண்டவருக்கு அதற்குப் பிறகு சுற்றறிக்கை தேவைப்படாது. இந்த ஒரு பயிற்சிக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள் என்று வற்புறுத்திச் சொல்வோம்.

அடுத்து அடிப்படைப் பாடம். 20 எக்ஸ் ஸ்கேனில் ஒரு பிக்ஸல் ஏறத்தாழ 0.5 மைக்ரோமீட்டர், 40 எக்ஸில் 0.25. நீளத்திலும் அகலத்திலும் இரட்டிப்பதால் 40 எக்ஸ் கோப்பு நான்கு மடங்கு பெரிது. எந்த வகை மாதிரிக்கு எது என்று மருத்துவர்கள் முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். ஸ்கேன் செய்பவர் அன்றன்று தீர்மானிக்கக் கூடாது. அதன்பின், திறமையானவர் அருகில் இருக்க இரண்டு வாரம் நிஜ வேலை.

கடைசியில் தேர்வு. 50 ஸ்லைடு கொண்ட ஒரு தொகுப்பைத் தயார் செய்து, அதில் 15-இல் தெரிந்த குறைகளை வையுங்கள். தவறான அடையாளம், விட்டுப்போன திசு இரண்டில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. தவறவிட்டால் பயிற்சி தொடரட்டும். மங்கலில் ஒன்றிரண்டு தப்பினால் பொறுக்கலாம், ஏனென்றால் மருத்துவர் கண்ணில் அது படும். விட்டுப்போன துண்டு அவர் கண்ணில் படவே படாது. இந்தத் தேர்வை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், ஸ்கேனர் மென்பொருள் மாறும்போதும் திரும்ப வையுங்கள். எழுதிய தேதி, மதிப்பெண், கையொப்பம் கோப்பில் இருந்தால் தர அங்கீகார ஆய்வுக்கு வருபவர்கள் கேட்கும்போது தேட வேண்டியதில்லை.

மாதம் ஒருமுறை மருத்துவரும் டெக்னீஷியன்களும் ஒரே திரை முன் உட்கார்ந்து, அந்த மாதம் நிராகரித்த படங்களைப் பார்ப்பதும் பயிற்சியே.

கேள்வி: நான் நோயியல் மருத்துவர். திரையில் அறிக்கை எழுதத் தொடங்கும் முன் எனக்கு என்ன பயிற்சி வேண்டும்? இதில் டெக்னீஷியன்களுக்கு வேலை உண்டா?

பதில்: அமெரிக்க நோயியலாளர் கல்லூரி 2013-இல் வெளியிட்டு, பின்னர் புதுப்பித்த வழிகாட்டுதல் இதற்கு நல்ல அடித்தளம். ஒரு பயன்பாட்டுக்குக் குறைந்தது 60 கேஸ். இம்யூனோ போன்ற இன்னொரு பயன்பாட்டைச் சேர்த்தால் கூடுதலாக 20. ஒரே மருத்துவர் அதே கேஸைக் கண்ணாடியிலும் திரையிலும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது 2 வாரம் இடைவெளி. இரண்டு முடிவும் 95 சதவீதத்துக்குக் குறையாமல் ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும். இன்னொருவருடைய முடிவோடு உங்கள் முடிவை ஒப்பிடுவது இதில் சேராது. அது மருத்துவருக்கு மருத்துவர் உள்ள வேறுபாட்டைத்தான் காட்டும்.

டெக்னீஷியன்களுக்கு இதில் பெரிய வேலை உண்டு. வழக்கமாக வரும் எல்லா வகை மாதிரிகளும் இருக்கும்படி பழைய கேஸ்களைத் தேர்ந்தெடுப்பது, முந்தைய அறிக்கையை மறைப்பது, இரண்டாம் சுற்றில் வரிசையைக் கலைத்துக் கொடுப்பது, வேறுபாடுகளைப் பதிவது எல்லாம் அவர்கள் கையில். நல்ல ஸ்லைடாகப் பார்த்துப் பொறுக்கிவிடக் கூடாது. அன்றாடம் வருவது போலவே இருக்க வேண்டும்.

மருத்துவர் தனியாகப் பழக வேண்டிய இடங்கள் சில உண்டு: மைட்டாசிஸ் (பிரிந்துகொண்டிருக்கும் செல்கள்) எண்ணுவது, வயிற்றுப் பயாப்ஸியில் ஹெலிகோபேக்டர் பாக்டீரியா, டிஸ்ப்ளேசியாவை (புற்றுநோய்க்கு முந்தைய செல் மாற்றம்) தரம் பிரிப்பது, காசநோய்க் கிருமி. ஒரே ஃபோகஸ் தளத்தில் கரு விவரம் நுண்ணோக்கியில் தெரிந்த மாதிரி தெரியாது. முனைவாக்கிய ஒளி தேவைப்படுபவை, காங்கோ ரெட் சாயத்தில் அமிலாய்டு (திசுவில் படியும் புரதம்), மார்பகத் திசுவில் கால்சியம் ஆக்ஸலேட் படிகம் போன்றவை, வழக்கமான ஸ்கேனில் வரவே வராது. “இந்த வகைக்குக் கண்ணாடி கொடு” என்று ஒரு பட்டியல் எழுதி, ஸ்கேன் அறைச் சுவரில் ஒட்டுங்கள். சந்தேகம் வந்தால் கண்ணாடியைக் கேட்பது மருத்துவரின் உரிமை. அதை யாரும் முணுமுணுக்காமல் எடுத்துத் தரும் பழக்கம் ஆய்வகத்தில் இருக்க வேண்டும்.

திரை, பார்வை மென்பொருள், ஸ்கேனர், வலையமைப்பு நான்கும் சேர்ந்ததுதான் சரிபார்க்கப்பட்ட அமைப்பு. வீட்டு மடிக்கணினியில் திறந்து பார்த்தால் அது வேறு அமைப்பு. முழு ஸ்லைடு படத்தை முதல்நிலை நோயறிதலுக்குப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் முதன்முதலாக அனுமதித்தபோதும் ஸ்கேனர், மென்பொருள், திரை எல்லாவற்றையும் ஒரே அமைப்பாகத்தான் அனுமதித்தது.

கேள்வி: கணினிப் பிரிவு ஆட்களோடு ஒத்துப்போவதே பெரும்பாடாக இருக்கிறது. நாங்கள் எவ்வளவு கணினி கற்றுக்கொள்ள வேண்டும்?

பதில்: அவர்களிடம் எண்ணில் பேசும் அளவுக்கு. 15-க்கு 15 மில்லிமீட்டர் திசுவை 0.25 மைக்ரோமீட்டரில் ஸ்கேன் செய்தால் ஒரு பக்கம் 60,000 பிக்ஸல், மொத்தம் 360 கோடி. பிக்ஸலுக்கு 3 பைட் என்றால் சுருக்காமல் 10.8 ஜிபி. சுருக்கிய பின் அரை ஜிபி முதல் ஒரு ஜிபி. சராசரி 0.7 ஜிபி, நாளுக்கு 400 ஸ்லைடு, வருஷத்துக்கு 300 வேலை நாள் என்றால் 84 டெராபைட். காப்புப் பிரதியோடு அதன் இரட்டிப்பு. இதைச் சொல்லாமல் “கொஞ்சம் இடம் வேண்டும்” என்று கேட்டால் முதல் காலாண்டிலேயே சேமிப்பகம் நிரம்பிவிடும்.

பார்கோடு கிராஸிங் மேசையிலிருந்தே தொடங்க வேண்டும். கேசட்டில் அச்சிட்ட குறியை வெட்டுபவர் வாசித்தபின்தான் அந்த ஸ்லைடின் லேபிள் வெளிவர வேண்டும். முன்கூட்டியே ஒரு கட்டு லேபிள் அச்சிட்டு வைத்துக்கொண்டு ஒட்டினால் மாற்றி ஒட்டும் ஆபத்து அப்படியே இருக்கும். ஸ்கேனர் அந்தத் தவறை மிகுந்த நம்பிக்கையோடு தவறான நோயாளியின் கோப்பில் சேர்த்துவிடும்.

எல்லோருக்கும் கட்டாயம் கற்பிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல ஸ்கேனர் கோப்புகளுக்குள் லேபிளின் படமும் தனியாக இருக்கிறது. கோப்பின் பெயரை மாற்றிவிட்டுக் கருத்தரங்குக்கோ ஆய்வுக்கோ அனுப்பினாலும், லேபிளில் நோயாளி பெயர் இருந்தால் அது கூடவே போகும். வெளியே போகும் ஒவ்வொரு கோப்பிலும் லேபிள் படத்தை நீக்கியபின், வேறொருவர் திறந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது என்கிறார்கள். டெக்னீஷியன்கள் நிரல் எழுதக் கற்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். புராஸ்டேட் பயாப்ஸியில் சந்தேகப் பகுதியைச் சுட்டிக்காட்டும் ஒரு மென்பொருளுக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதிலும் முடிவு மருத்துவருடையதுதான். டெக்னீஷியன் காக்க வேண்டியது, மென்பொருளுக்குள் போகும் படத்தின் சீர்மையை. ஹீமடாக்ஸிலின் தொகுதி மாறினாலோ, செக்‌ஷன் 3-லிருந்து 5 மைக்ரோமீட்டர் ஆனாலோ, இரண்டாவது ஸ்கேனர் வேறு நிறத்தில் படமெடுத்தாலோ மென்பொருளின் கணக்கு நகரும். மனிதக் கண் இந்த மாற்றத்தைக் கவனிக்காமலே கடந்துவிடும். ஒரே பிளாக்கிலிருந்து கட்டுப்பாட்டு ஸ்லைடுகளை வெட்டி வைத்து, ஒவ்வொரு நாளும் ஒன்றைச் சாயமேற்றி ஸ்கேன் செய்து, முதல் நாள் படத்தோடு ஒப்பிடுங்கள். சாயத் தொகுதி எண், மென்பொருள் பதிப்பு எண் இரண்டையும் அதே பதிவேட்டில் எழுதுங்கள். மார்பகத் திசுவுக்கு ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் என்ற பழைய விதிக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. சரியாகப் பதப்படாத திசுவில் ஏற்பி (சிகிச்சையை முடிவு செய்யப் பார்க்கும் செல் புரதம்) எண்ணிக்கையை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது.

ஆர்வம் உள்ளவர்கள் இலவசமாகக் கிடைக்கும் க்யூபாத் மென்பொருளில் கேஐ-67 (செல் பெருக்கத்தைக் காட்டும் புரதம்) எண்ணிப் பழகலாம். எந்தப் பரப்பில் எண்ணுவது என்பதை மட்டும் மருத்துவர் குறித்துக் கொடுக்க வேண்டும்.

கேள்வி: சைட்டாலஜி ஸ்மியரையும் (ஸ்லைடில் தடவிய செல்கள்) இதே மெஷினில் ஸ்கேன் செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் ஒரே ஃபோகஸ் தளத்தில் செய்தால் செல் கொத்துகள் மங்கும். உயரம் மாற்றிப் பல அடுக்காக எடுக்க வேண்டும். 5 அடுக்கு என்றால் நேரமும் கோப்பும் ஏறத்தாழ 5 மடங்கு. திசு ஸ்லைடுகளில் வேலை நிலைபெற்ற பிறகு, தனிச் சரிபார்ப்போடு தொடங்குங்கள்.

கேள்வி: ஸ்கேன் ஆன பிறகு கண்ணாடி ஸ்லைடை எறிந்துவிடலாமா? இடமே இல்லை.

பதில்: கூடாது. உங்கள் ஆய்வகத்துக்குப் பொருந்தும் விதி எத்தனை ஆண்டு வைக்கச் சொல்கிறதோ அத்தனை ஆண்டும் வைக்க வேண்டும். பிளாக் தீர்ந்துபோன நோயாளிக்கு மரபணுச் சோதனை தேவைப்பட்டால் அந்தக் கண்ணாடியிலிருந்துதான் திசுவைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். ஒளிரும் சாயத்தில் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசென்ஸ் ஸ்லைடு மட்டும் விதிவிலக்கு. அதன் ஒளி மங்கிவிடுவதால் நாளடைவில் படமே நம்பகமான ஆவணம்.

இட நெருக்கடிக்கு ஒரு வழி: ஸ்கேனிலிருந்து இறங்கிய ஸ்லைடுகளை உடனே கேஸ் எண் வரிசையில் பிரித்து அடுக்காமல், ரேக் வரிசையிலேயே தேதியோடு ஒரு தட்டில் வையுங்கள். அறிக்கையில் கையொப்பம் ஆனபின் நிரந்தர அலமாரிக்கு மாற்றுங்கள். மறுபடி ஸ்கேன் செய்யவோ கண்ணாடி கேட்டோ வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை அதற்குள் வந்துவிடும். அலமாரியைத் திறந்து தேட வேண்டியிருக்காது.